அடுத்த நிறுத்தம்

வூச் நகரத்துப் பத்தாம் எண் டிராமை,
முப்பது டன் எடையோடு,
ஒரு விரலால் நிறுத்துகிறவள் நான்.
என் இக்னாட்ஸியை
காலுறை போடும்வரை
நிறுத்திவைக்க முடியவில்லை.

"கிளம்பு" என்பேன்.
அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்பது வேலை இருப்பது
எனக்கு உறைக்கவில்லை.
முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
ஜன்னலில் உருகும் பனியோடு நின்றுவிடுவான்.
கத்துவேன்.
நான்கு மாடியும் அழுதபடி இறங்குவோம், இருவரும்.

ஜனவரியில் தொண்டை கட்டிக்கொண்டது.
கத்த வழியில்லை.
பழக்கத்தில் வாய் முணுமுணுத்தது:
"அடுத்த நிறுத்தம், காலுறை."
சிரித்தான். போட்டுக்கொண்டான்.
"அடுத்த நிறுத்தம், பல் துலக்கல்."
போனான்!

எல்லா நாளும் வண்டி ஓடுவதில்லை.
நேற்று சட்டைக்கும் புத்தகப்பைக்கும் இடையில்
தடம்புரண்டு அரைமணி நேரம்.
பள்ளிக் குறிப்பேட்டில் மறுபடி சிவப்பு மை:
'கவனிப்பதே இல்லை.'
அதன் கீழே எழுதினேன்:
'ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.
கொஞ்சம் காத்திருங்கள். வருவான்.'

மாலைப் பணி முடிந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.
கலைந்த தலையோடு எழுந்து வந்தான்.
"அடுத்த நிறுத்தம்,
அம்மா தூங்கணும்."

ஒரு காலில் மட்டும் காலுறை.