அடைப்புக்குறிக்குள்

தாலினில் மார்ச்.
வெளியே பனி சேறாகிக்கொண்டிருந்தது.
தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில்
சன்னல் இல்லாத அறை,
காதில் ஹெட்ஃபோன், ஆறிப்போன காப்பி.
காது கேளாதவர்களுக்காகத்
திரைப்பட விருது விழாவை
நேரலையில் தட்டச்சு செய்பவள் நான்.
பெயர் ஹில்யா.
எங்கள் மொழியில் அதற்குத் 'தாமதமாக' என்று பொருள்.
அம்மா வேடிக்கைக்கு வைக்கவில்லை.

மேடையில் பேசுவதற்கும்
திரையின் அடியில் என் வரி ஓடுவதற்கும்
நான்கு நொடி.
டாவெத் ஒரு நகைச்சுவை சொல்லி,
பல்லைக் காட்டி,
காட்டிய பல்லை மூடி,
கையிலிருந்த அட்டையைப் புரட்டிய பிறகு
வந்து சேர்கிறது என்
(சிரிப்பு)

உண்மையில் சிரித்தது ஒரே ஒருவர்.
டாவெத்தின் மைத்துனராம், பிறகு கேள்விப்பட்டேன்.
ஆனால் கையேட்டில்
'ஒருவர் மட்டும் சிரிக்கிறார்' கிடையாது.
சிரிப்பு உண்டு, கைதட்டல் உண்டு,
பலத்த கைதட்டல் உண்டு, இசை உண்டு.
வேறு பெயரடைகள் வேண்டாம் என்று
ஆண்டுதோறும் சுற்றறிக்கை வரும்.
கருத்துச் சொல்ல உன்னை யாரும் அமர்த்தவில்லை.

எனக்கோ கருத்து வண்டி வண்டியாக.

மெரிகே நல்ல வானிலை அறிவிப்பாளர்.
புயல் வருகிறது என்று அவள் சொன்னால்
மொட்டைமாடித் துணியை எடுத்துவிடத் தோன்றும்,
அப்படியொரு முகம்.
அவளைப் பச்சை கவுனில் நிறுத்தி,
இவ்வாண்டு இறந்தவர்களையும்
சிறந்த ஒப்பனையையும்
ஒரே புன்னகையில் வாசிக்க வைத்துவிட்டார்கள்.

சிறந்த படம்:
கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைப்
பாதிரியார் ஒருவர் மூன்று மணி நேரம் பார்க்கிறார்.
நானும் பார்த்தேன்.
திமிங்கிலம் பரவாயில்லை.

சிறந்த நடிகர் விருது
இந்த ஆண்டு அழுதவருக்கு.
போன ஆண்டு அழுதவர் வந்து கொடுத்தார்.
(கைதட்டல்)
(கைதட்டல்)
(பலத்த கைதட்டல்)
கடைசியது, விளம்பரத்துக்கு முன்
தட்டச் சொல்லித் தட்டியது.

பதினொரு மணிக்குமேல், பாதிப்பேர்
மதுக்கூடத்துக்குப் போன பிறகு,
சிறந்த ஒலி.
உர்மாஸ் என்றொருவர்,
மேலங்கியைக் கழற்றாமலேயே மேடையேறினார்.
பித்தளைக் கலங்கரை விளக்கத்தை வாங்கித்
தரையில் வைத்தார்.
யாருக்கும் நன்றி சொல்லவில்லை.
பையிலிருந்து சிறு பதிவுக்கருவியை எடுத்து
மைக்கின் வாயருகே பிடித்தார்.

இரவில் கடற்பனி விரிசல்விடும் ஓசை.

அவையில் ஒரு இருமல்கூட இல்லை.
என் விரல்கள் நின்றன.
இசை அல்ல. கைதட்டல் அல்ல.
நான்கு நொடி, ஐந்து, ஏழு.
திரையின் அடியில் வெற்றுக் கருப்பு.
பிறகு எழுதினேன்:
(தொலைவில் ஒரு கனத்த கதவு.
யாரோ அதைத் திறக்கப் பார்த்து
மனம் மாறுகிறார்கள்.)

"ஹில்யா, என்ன கூத்து இது?" என்றது ஹெட்ஃபோன்.
வாத்தியக்குழு குறுக்கே புகுந்து
உர்மாஸை மேடையிலிருந்து தள்ளியது.
(இசை)

காலையில் கட்டட வாசலில்
சேற்றுப்பனியை வாரிக்கொண்டிருந்தார் ஊலோ.
டிராம் பணிமனையில் பற்றவைப்பவர்.
பிறவியிலேயே காது கேளாது.
மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டுக்
கைகளால் கேட்டார்:
டாவெத் இந்த ஆண்டு அவ்வளவு பிரமாதமா?
பதினான்கு முறை சிரித்திருக்கிறார்களே, எண்ணினேன்.

கையுறைக்குள் என் விரல்கள்
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு தலையை ஆட்டினார்.
பனி கதவு மாதிரி இல்லை.
பெய்ப்சி ஏரியில் துளைபோட்டு மீன்பிடிக்கிறவன் நான்.
அது குதிகால் வழியாக வரும்.
நீ ஒரு கட்டிலில் படுத்திருக்கிறாய்,
உன் பக்கத்தில் பெரிய மிருகம் ஒன்று
தூக்கத்தில் புரண்டு படுக்கிறது.
அப்படி.
அடுத்த முறை சரியாக எழுது.

வியாழனன்று நிலையத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம்:
அனுமதியற்ற பெயரடை, ஒன்று. 'கனத்த'.
தவறுதான், நீக்கிவிடலாம்,
கதவும் தவறாம், பார்வையாளர் ஒருவர் சொன்னார்,
கட்டில் என்று திருத்தவும் என்று
பதில் எழுதிப் போட்டிருக்கிறேன்.