ஏழாவது ஷரத்து

பன்னாட்டு உறவுப் பிரிவு என்பது
எங்கள் கல்லூரியில்
ஹாக்கி மட்டைகள் கிடந்த அறை.
மட்டைகளை எடுத்தாயிற்று,
வாடை போகவில்லை.
அங்கே உட்கார்ந்துதான்
இரண்டு நாடுகளை
இரண்டு பத்திகளாக அடித்தேன்.

முதல் தரப்பு, பாளையங்கோட்டை.
இரண்டாம் தரப்பு, கடல் தாண்டிக் குளியாப்பிட்டி.
ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன்:
சென்னையைவிடக் கிட்டம்.
ஆனாலும் கோப்பு சென்னைக்குப் போய்,
டெல்லிக்குப் போய், கொழும்புக்குப் போய்
பதினோரு மாதம் கழித்து
ஓரம் மடங்கி வந்து சேர்ந்தது.
இரண்டு ஊருக்கும் ஒரே மணி,
கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம் என்பதை
யாரும் எந்த ஷரத்திலும் எழுதவில்லை.

ஆராய்ச்சி, தேரி மணல்.
குட்டத்தைச் சுற்றிக் கிடக்கும் அந்தச் சிவப்பு
புத்தளத்துப் பக்கமும் கிடக்கிறதாம்.
கொட்டியது ஒரே காற்றா, இரண்டா?
இந்தக் கேள்வியைச் சொல்லும்போதெல்லாம்
பேராசிரியர் ஞானதீபத்தின் கை
தானாக முறம் புடைக்கும்.

ஏழாவது ஷரத்து:
மண் மாதிரிகள் பரிமாறிக்கொள்ளப்படும்.
படாது
என்றது தாவர நோய்த்தடுப்பு அலுவலகம்.
மண்ணில் புழு இருக்கலாம்,
பூஞ்சை இருக்கலாம்.
மூன்று கடிதம் எழுதினேன்.
மூன்றாவதில் ‘தயவுகூர்ந்து’
இரண்டு இடத்தில் வந்தது.

மண்ணுக்குக் கிடைக்காத விசா
திலினி ஹேரத்துக்குக் கிடைத்தது.
நாலு மாதம்.
கையில் சல்லடைக் கட்டு,
வாயில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்: போதும்.
ஞாயிற்றுக்கிழமை விடுதியில் சொதி ஊற்றியபோது
அந்த ஒன்றையும் மறந்துவிட்டாள்
என்று வார்டன் என்னிடம் சொன்னார்.

பதிலுக்கு மாசானமுத்து போனான்.
நவ்வலடிக்காரன்,
கடலை ஓரத்தில் நின்றே பார்த்தவன்.
விமானத்தில் ஏறி இறங்கியதும்
செய்தி அனுப்பினான்:
‘இம்புட்டுத்தானா?’

சண்டை மணலால் வரவில்லை.
கட்டுரையில் யார் பெயர் முதலில்?
ஆங்கில அகரவரிசையில் அவள்.
தமிழில் அவன்; ஹகரத்துக்குக் கடைசி பெஞ்சு.
சிங்களத்திலும் அவனே முன்னால் என்று
திலினியே ஒப்புக்கொண்டாள்.
ஆனால் கட்டுரை போவது ஆங்கிலத்தில்.
ஒரே ஆய்வகம், எதிரெதிர் மேசை,
நாலு நாள் பேச்சு இல்லை.
இரண்டு பேரும்
பாளையங்கோட்டைக்கு எழுதினார்கள், எனக்கு.
நான் மூன்றாம் நிலை எழுத்தர்.
உலக சமாதானத்துக்குத் தனிப்படி கிடையாது.
இருந்தும் இரண்டு கடிதத்துக்கும்
ஒரே பதிலை அனுப்பினேன்:
முதலில் எண்ணி முடியுங்கள்.

எண்ணினார்கள்.
அவள் கணக்கில் ஒரு காற்று.
அவன் கணக்கில் இரண்டு.
இன்னும் ஒரு வருடம் வேண்டுமாம்.
ஒப்பந்தமோ பங்குனியோடு முடிகிறது.

புதுப்பிக்கும் கோப்பு என் மேசையில்.
பழைய ஷரத்துகளை அப்படியே அடித்தேன்,
ஏழாவதில் மட்டும் விரல் நின்றது.
‘மண் மாதிரிகள்’ என்பதை நீக்கினேன்.
‘ஆட்கள்’ என்று போட்டேன்.
மொழிநடை சரியில்லை,
முதல்வர் சிவப்பு மையால் வட்டமிடுவார்.

அன்றைக்குத்தான் மாசானமுத்து திரும்பினான்,
பெட்டியோடு நேரே அறை வாசலுக்கு.
ஷூவை வெளியே உதறச் சொன்னேன்.
உதறினான்.
சிவப்பாக ஒரு பிடி விழுந்தது.

நவ்வலடியா, புத்தளமா என்று
நான் கேட்கவில்லை.
கேட்டால்
நாலாவது கடிதம் எழுத வேண்டியிருக்கும்.