நான்காம் நிலை

பெர்த்துக்குக் குடிபோகுமுன்
குபேந்திரன் வடிகட்டியை விற்றுவிட்டான்.
நல்ல விலை வந்ததாம்.
மீன்களை விற்கத்தான் மனம் வரவில்லையாம்.
ஆறடித் தொட்டி
சாட்ஸ்வொர்த் மேட்டில் எங்கள் கூடத்துக்கு
பாக்கி வண்டியில் வந்து இறங்கியது.
இரண்டு ஆஸ்கார்களும் பின்னால்,
ஆளுக்கொரு ஐஸ்பெட்டியில்.

எழுநூறு லிட்டர்.
ஆளுக்கு ஐந்து லிட்டர் இரத்தமென்றால்
நூற்று நாற்பது பேர்.
எனக்கு இப்படித்தான் கணக்கு வரும்,
பகலெல்லாம் டயாலிசிஸ் பிரிவில் நிற்பவள்.

உகேந்திரனுக்குப் பிடித்தது கேனிஸ்டர்.
கருப்பாக, வாய்மூடி, அலமாரிக்குள் அடங்கிவிடும்.
மணிக்கு இரண்டாயிரம் லிட்டர் என்று
அட்டையில் கொட்டை எழுத்து.
"உள்ளே பஞ்சு போடாமல்,
குழாயை மேலே ஏற்றாமல் ஓட்டினால் அவ்வளவு"
என்றான் கடையில் நின்ற தோகோசானி.
விற்பவன் இப்படியும் பேசுவானா?
இவன் வீட்டிலும் மீன் இருக்கிறது என்று
புரிந்துபோயிற்று.

மின்வெட்டு உங்கள் பக்கம் எப்படி என்றான்.
நான்காம் நிலை என்றோம்.
வார்டில் அந்தச் சொல்
குரலைத் தாழ்த்திச் சொல்வது.
அதற்கு அடுத்த நிலைக்காரர்கள்
என் கட்டிலுக்கு வந்து சேர்வார்கள்.
வீட்டில் அது இரண்டரை மணி நேர இருட்டு,
சில நாள் நான்கரை.

"பஞ்சில் குடியிருப்பவை கண்ணுக்குத் தெரியாது.
மீன் விடும் நஞ்சுதான் அவற்றுக்குச் சோறு.
மூடிய டப்பாவில் நீரோட்டம் நின்றால்
மூச்சுமுட்டிச் சாகும்.
கரண்டு வந்ததும்
அந்தக் கெட்ட நீரை மீன் முகத்திலேயே துப்பும்."

உகேந்திரன் அட்டைப்பெட்டியைத் தட்டில் திரும்ப வைத்தான்,
விலைச்சீட்டு உள்பக்கம் பார்க்கும்படி.

காற்றில் கொப்பளிக்கும் பஞ்சு உருளை?
மலிவு, பேட்டரியிலும் ஓடும்.
விரல்நீள மீன்களுக்குப் போதும்.
இவை பூனையளவு தின்று
பூனையளவு கழிப்பவை.
உருளையைப் பிடுங்கி மூலையில் எறிந்துவிடும்.

ஆக, சம்ப்.
கீழே ஒரு தொட்டி,
மேல்தொட்டியின் அழுக்கையெல்லாம் வாங்கிக்கொள்ள.
பழைய மூன்றடிக் கண்ணாடி, நடுவில் தடுப்புகள்,
மூன்று நாள் சிலிக்கான் நாற்றம்.
மேலே சொட்டுத் தட்டுகள்:
ஓட்டம் நின்றாலும் ஈரம் காயாது, காற்றும் படும்.
அலமாரிக் கதவு வழியே நுழையவில்லை.
பின்பலகையை ரம்பத்தால் அறுத்தோம்.

முதல் மின்வெட்டு இரவு இரண்டு மணிக்கு.
பம்ப் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.
மேலிருந்து கீழே இறங்க
அதற்கு யார் தயவும் வேண்டாமே.
திரும்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே
ஒரு சிறு துளை போட்டிருக்க வேண்டும்;
காற்று புகுந்து இழுப்பு அறும்.
டார்ச்சை வாயில் கவ்வி
அவன் துளையிட்டான்.
நான் கம்பளத்தைப் பிழிந்தேன்.
காலையில் கீழ்த்தொட்டியில் மார்க்கரால் ஒரு கோடு:
இதற்கு மேல் ஊற்றாதே.

ஞாயிற்றுக்கிழமை தோகோசானி
ஒரு பிளாஸ்டிக் பையோடு வாசலில் நின்றான்.
அவன் தொட்டியின் பஞ்சு.
பழுப்பாக, வழவழப்பாக, சேற்று நாற்றத்தோடு.
"குழாய்த்தண்ணீரில் அலசிவிடாதீர்கள், குளோரின்."
காசு வாங்கவில்லை. தேநீர் மட்டும்.
வேலையில் இப்படி ஒரு பைக்கு
ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை நினைத்தேன்.
அவனிடம் சொல்லவில்லை.

நாள்தோறும் வாளி வாளியாக நீர் மாற்றியும்
சோதனைக் குழாய் பச்சையாகவே நின்றது.
பிறகு இளம்பச்சை.
நான்காம் வாரம் ஒரு வியாழன், மஞ்சள்.
உகேந்திரன் அதைச் சன்னலருகே கொண்டுபோய்
இன்னொரு தரம் பார்த்தான்.

அன்று மாலை ஆறு மணிக்கே இருட்டு.
பேட்டரிக் காற்று தானாக முனகத் தொடங்கியது.
குபேந்திரன் வீடியோவில் அழைத்தான்.
அங்கே நடுநிசி, தூக்கம் வரவில்லையாம்.
மீன்களைக் காட்டு என்றான்.
கைபேசியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தோம்.
"ஒன்றும் தெரியவில்லையே."
சத்தம் கேட்கிறதா?
"என்ன ஆச்சு உங்கள் வீட்டுக்கு?"
நான்காம் நிலை என்றேன்.
"அப்படியென்றால் எத்தனை மணி நேரம்?"
ஆறே மாதத்தில்
அவனுக்கு மறந்துபோயிருந்தது.