மொழிமுதல்

ஷார்ஜா தொழிற்பேட்டை, பத்தாம் பகுதி.
வினைல் வெட்டும் இயந்திரத்துக்கு ஏசி,
எனக்கு மேசை விசிறி.
நகராட்சி கேட்டபடி
அரபியிலும் ஆங்கிலத்திலும்
சமூன் ரொட்டிக் கடைக்குப் பலகை ஆயிற்று.
அவர் போகவில்லை.
இன்னொன்று வேண்டுமாம். சிறியது.
உள்ளே, அடுப்புக்கு மேலே,
எவரும் அனுமதிச் சீட்டு கேட்காத இடத்தில்
அவர் பெயர், அவர் எழுத்தில்.

சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதித் தந்தார்.
அரபி மாதிரிதான்.
ஆனால் முதலெழுத்தின் காலடியில் ஒரு சிறு கவட்டை,
அடுத்ததன் தலையில் இன்னொன்று.
எங்கள் எழுத்துருவில் இரண்டும் கிடையாது.
தட்டத் தட்ட வெற்றுக் கட்டம் வந்தது,
சன்னலை அடைத்துவிட்டுப் போன வீடு போல.

"கவட்டை இல்லாவிட்டால் ரொட்டி வேகாதா?"
என்றார் முதலாளி ஜோப்பன்.

வந்தவர் என் பக்கம் குனிந்தார்.
"ரே இல்லை. றே."
அண்ணத்தில் நாக்கு அதிர்வது எனக்குக் கேட்டது.
"மெல்லியது கடைசியில் வரும். முதலில் இது."
றேப்வார்.
வழிப்போக்கன் என்று பொருளாம்.

சிரித்துவிட்டேன்.
எங்கள் இலக்கணத்தில் றகரம் மொழிமுதல் ஆகாது.
சொல்லுக்கு நடுவே குடியிருக்கலாம்,
வாசலில் நிற்கக் கூடாது.
இதை என் ஓட்டை அரபியில் எப்படிச் சொல்ல?
"எங்களுக்கும் இரண்டு உண்டு" என்றேன்.
நாகர்கோவிலில் இன்னும்
அறமும் அரமும் வேறு வேறாய்த்தான் ஒலிக்கும்.

ஊர் எங்கே என்று கேட்டதற்கு
மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த
விமானக் கம்பெனி நாள்காட்டியில் விரல் வைத்தார்.
நான்கு நிறங்களின் மேல் விரல் ஊர்ந்தது,
எதிலும் நிற்கவில்லை.
இங்கே ஒரு சித்தப்பா மகன்,
புத்தாண்டு வாழ்த்தில் 'டபிள்யூ' போட்டதற்காக
வழக்குக்கு அலைந்தவன்.
இங்கே அத்தை. அறுபத்திரண்டில்
ஒரே ஒரு நாள் கணக்கெடுத்தார்கள்,
மாலையில் அவள் அயல்நாட்டுக்காரி.
அதே வீடு, அதே மாதுளை மரம்.

உங்கள் பக்கம்?
"எண்பத்தெட்டு," என்றார்.
ஆண்டுக்குப் பின்னால்
வாக்கியம் எதுவும் வரவில்லை.
இயந்திரம் தயார் என்று பீப் அடித்தது.

கவட்டைகளைக் கையால் வரைந்தேன்,
இரண்டிரண்டு கோடு. கத்தி இறங்கியது.
கழிவை ஊசியால் உரித்தெடுக்கும்போது
மேல்கவட்டை என் நகத்தில் ஒட்டிக்கொண்டது,
அரிசியளவு கறுப்பு.
இருக்கட்டும் என்று கூடுதலாக ஒன்று வெட்டி
பர்சில் வைத்தேன்.

காசு எண்ணும்போது
என் கழுத்திலிருந்த அட்டையை
ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டினார். இள... மா...
நின்றார்.
"இதில் எது?"
பதினோரு வருஷம். கடையில் நான் வெறும் 'இலா'.
"வல்லினம்" என்றேன் தமிழிலேயே.
இளமாறன், என்றார்.
எங்கள் தெருவில் சொல்வது போலவே இருந்தது.

ஆகஸ்டில், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் வாரம்,
போன் செய்தார்.
மேலே இருந்தது உதிர்ந்துவிட்டது,
கீழே உள்ளது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை போனேன்.
உதிர்ந்த இடத்தில்
மாவு விரலால் ஒரு கவட்டை போட்டிருந்தார்,
அடுப்பனலில் காய்ந்து வெடித்திருந்தது.
மாவு மூட்டைமேல் நான் ஏறினேன்,
என் முழங்காலை அவர் பிடித்துக்கொண்டார்.
"இன்னும் மேலே. கொஞ்சம் இடம்."

வரிசையிலிருந்து ஒரு பெஷாவர்க்காரர் கத்தினார்:
எட்டு சமூன், சீக்கிரம்.