ஊசிக்கண்

முப்பத்தொரு வருடமாகப் பூக்களின் கண்ணைப் பார்க்கிறேன்.
ராச்டேலில், மே மாத முதல் சனிக்கிழமை,
மெத்தடிஸ்ட் கூடத்தில், டீ வாசனைக்கு நடுவே.
பூதக்கண்ணாடி ஒன்று, பென்சில் ஒன்று,
யார் பக்கமும் சாயாத முகம் ஒன்று.

ஆரிகுலாவும் பிரிம்ரோஸ் குடும்பம்தான்.
அதனிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.
ஆல்ப்ஸ் பாறையிடுக்கில் பிறந்தது
இங்கே நெசவாளிகளின் ஜன்னலுக்கு வந்து சீமாட்டியானது.
இலையிலும் இதழிலும் வெள்ளை மாவு;
ஒரு துளி மழை போதும், பவுடர் கலைந்த முகம்.
அதனால் அதற்குக் கட்டாயம் கூரை உண்டு.
வளர்க்கிறவர் கூரை ஒழுகலாம், பரவாயில்லை.

விதி எளியது.
பூவின் தொண்டைக்குள் பாருங்கள்.
மகரந்தப் பைகள் வாசலில் கூடி நின்றால்
அது நூல்கண்:
துணியை அறுத்தெடுத்த பின் தறியில் மிஞ்சும்
பாவு நுனிகளைப் பார்த்து வைத்த பெயர்.
அதற்குத்தான் செம்புக் கெட்டில் பரிசு.
பச்சையாக ஒரு குமிழ் மட்டும் எட்டிப் பார்த்தால்
ஊசிக்கண்.
மற்றதெல்லாம் எத்தனை அழகாக இருந்தாலும்
மேசையை விட்டு இறக்கிவிட வேண்டும்.
ஏன் என்று முதல் வருடம் கேட்டேன்.
"பார்க்க ஓட்டைபோல் இருக்கிறது" என்றார்கள்.
இரண்டாம் வருடம் கேட்கவில்லை.
மூன்றாம் வருடம் நானே சொன்னேன்.

இந்த வருடம் பதினேழாம் எண்.
சாம்பல் விளிம்பு. கறுப்பு வளையம், பிசிறே இல்லை.
நடுவில் வெள்ளை, ஆறிய பாலின் ஆடைபோல்.
ஏழு பூ, ஏழும் ஒரே மட்டத்தில்.
பென்சில் தானாக எழும்பிவிட்டது.
குனிந்தேன்.
குமிழ்.
ஏழிலும்.

அட்டையைத் திருப்பிப் பெயர் பார்க்கக் கூடாது. பார்த்தேன்.
மேவிஸ் கெர்ஷா. இரவு பஸ் ஓட்டுகிறவள்.
விதை போட்ட நாளிலிருந்து நாலு வருடம்.
அவள் அழவில்லை. தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு,
"உங்களுக்குப் பிடித்திருந்தது. நான் பார்த்தேன்" என்றாள்.

நடந்தே வீடு திரும்பினேன்.
ரயில்பாதைச் சரிவெங்கும் கௌஸ்லிப்,
ஆரிகுலாவின் ஏழைச் சொந்தம்,
கொத்துச் சாவிபோல் தலை தொங்கும் மஞ்சள்.
பழக்கம் விடுமா? மண்டியிட்டேன்.
ஊசி. ஊசி. நூல். ஊசி. நூல். நூல்.
ஐம்பத்தெட்டு எண்ணினேன்,
ஊசி முப்பது, நூல் இருபத்தெட்டு.
குண்டு வண்டு ஒன்று
இதனிடம் கடன் வாங்கி அதற்கும்
அதனிடம் வாங்கி இதற்கும் கொடுத்துக்கொண்டிருந்தது.
ஊசிக்கு நூலும் நூலுக்கு ஊசியும் வேண்டும்,
இல்லாவிட்டால் விதை சரியாகப் பிடிக்காது.
எனக்குத் தெரியாததா? படித்திருக்கிறேன்.
மேசைக்கு முன்னால் அது நினைவுக்கு வந்ததே இல்லை.
சரக்கு ரயில் ஒன்று போனது.
எல்லாப் பூவும் தலையாட்டின.
அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை.

மழை பிடித்துக்கொண்டது.
என்னைக் கேட்காமலே கால்கள் மேவிஸின் தெருவில் திரும்பின.
பின்கட்டில், முழங்காலெல்லாம் சேறு,
பதினேழாம் எண்ணை வெறும் மண்ணில் நட்டுக்கொண்டிருந்தாள்.
குப்பைத்தொட்டிக்குப் பின்னால்
யாரும் வைக்காத பிரிம்ரோஸ் ஒன்று, வெளிறிய மஞ்சள்.
அதன் கண்ணைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.
மாவு கரைந்து கரைந்து
சாம்பல் விளிம்பு பச்சையாகிக்கொண்டிருந்தது.
ஐயோ என்று ஓடிப்போய்
குடையைப் பூவின்மேல் பிடித்தேன்.

அவள் நிமிர்ந்தாள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு.
"அது நனைந்தாயிற்று, மிஸ்டர் பட்டர்வொர்த்.
குடையை இந்தப் பக்கம் பிடியுங்கள்."