அடுப்பும் கூடையும்

பவளராணியைவிட நான்
இரண்டிலும் கெட்டிக்காரி.
மடுவத்துத் தராசைக் கேட்டுப் பாருங்கள்:
மணிக்கு நாலு கிலோ கொழுந்து எனக்கு,
அவளுக்கு ஒன்று, அதிலும் பாதி முற்றல்.
ரொட்டி தட்டினால் நான் நாற்பது, அவள் முப்பது.

இருந்தும் போன மாசியிலிருந்து
அடுப்பை அவளிடம் விட்டுவிட்டேன்.
நான் புகையில் நிற்கும் ஒரு மணி நேரத்தில்
நாலு கிலோ மலையிலேயே நின்றுவிடும்.
அவள் நின்றால் ஒரு கிலோதான்.
"வல்லவள் நீ, அவளிடமா வாங்கித் தின்பாய்?"
கங்காணிக்குப் பிடிபடவில்லை.
கைக்காசு எண்ணியபோது
இரண்டு காம்பராவுக்கும் பிடிபட்டது.

பொகவந்தலாவையிலிருந்து பெட்டி பெட்டியாய்த் தேயிலை இறங்கும்,
கோதுமை மா ஏறி வரும்.
நாடும் எங்கள் லயம்தான் என்றிருந்தேன்.

பிறகு கப்பல் வரவில்லை.
கடையில் வெறும் பலகை.
பவளராணியின் பத்து விரலும் சும்மா கிடந்தன.
என் கூடை நிறைந்துதான் இருந்தது;
கொழுந்தை அவித்தா தின்பது?

லயத்துக்குப் பின்னால் கானோரம்
பாய் அகலத்துக்கு ஒரு நிலம்.
வத்தாளைக் கொடி அவள் கொண்டுவந்தாள்,
மண்வெட்டி நான் இரவல் வாங்கினேன்.
இந்த வேலையில் இருவருமே மோசம்,
அவள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் மோசம்.

மழைக்கு முன்னே
மாறி மாறி வெட்டினோம்.