அல்லது

சிலாவோஸில் ஜூலை. காலை ஐந்தே கால், ஆறு டிகிரி.
ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளும்போது
கியர்பெட்டிக்குள் யாரோ பல்லைக் கடிக்கிறார்கள்.

கீழே சேன் லூயிக்கு நானூறு வளைவுகள்.
எண்ணியது நானல்ல, ஊர்ப் பெருமைக்காக யாரோ.
பாதிக்கு மேல் இரண்டாம் கியருக்கே பாத்தியப்பட்டவை.

வண்டி பழைய மாஸ்டா. சிவப்பு. இரண்டே இருக்கை.
என்னைவிட ஒன்பது வயது இளையது,
முழங்கால்கள் என்னுடையவற்றைவிட மோசம்.
கூரை மடியும், மழைநாள் தவிர.

கையேடு சொல்கிறது:
எழுபத்தைந்து டபிள்யூ தொண்ணூறு, ஜிஎல் நான்கு அல்லது ஐந்து.
அந்த 'அல்லது'வில்தான் இரண்டு வாரம் போனது எனக்கு.

வயாபூரி கடையில் கல்லாவில் இருந்த பையன் லுதோவிக்
ஐந்தை எடுத்து நீட்டினான். முழு சிந்தெடிக்.
"நாலைவிட அஞ்சு பெரிசுதானே, மதாம்?"
மருந்துச் சீட்டிலும் சிலர் இப்படித்தான் கேட்கிறார்கள்,
ஐநூறு இருக்க எதற்கு இருநூற்றைம்பது என்று.

உள்ளே ஒரு பித்தளை வளையம் இருக்கிறது, தம்பி.
பாய்கிற பல்லையும் தயங்குகிற பல்லையும்
ஒரு கணம் தொட்டுத் தேய்த்து
"இரு, அவளும் வரட்டும்" என்பது அதன் உத்தியோகம்.
ஐந்தில் இருக்கிற கந்தகம் சூட்டில் அதை அரிக்கலாம்.
அரிக்காமலே போனாலும் வழுக்கும்.
வழுக்கினால் வளையத்துக்குப் பிடி கிடைக்காது.
எண்ணெய் என்றால் உராய்வுக்கு எதிரி என்றே
இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.
கொஞ்சம் உரசலை விட்டுவைக்கத் தெரிந்த எண்ணெய்
முப்பத்தொரு யூரோ, லிட்டருக்கு.

ஒரு புட்டிதான் இருந்தது. வேண்டியது இரண்டு.
மற்றது மார்செய்யிலிருந்து கப்பலில்.
கப்பல் எங்கே என்று லுதோவிக்குக்குத் தெரியவில்லை,
கடலைக் கை காட்டினான்.

அந்தப் பதினேழு நாளும்
கிளட்சை மிதி, நடுவில் நிறுத்து, விடு,
ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு,
மறுபடி மிதி, இப்போது இரண்டு.
வளையம் செய்யவேண்டியதை என் இடது கால் செய்தது.
இரவுப் பணி முடிந்து ஏறுகையில்
கெண்டைக்கால் தனியாக ஒரு நர்ஸ் கேட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டாவது புட்டி வந்தது.
பக்கத்து இருக்கையில் இரண்டையும் உட்காரவைத்து
பெல்ட் மாட்டிக் கூட்டிவந்தேன்.

முதலில் நிரப்புகிற திருகைக் கழற்று,
அது கழன்றால் மட்டும் வடிக்கிற திருகைத் தொடு.
எங்கோ படித்தேன். பயத்தோடு கடைப்பிடித்தேன்.
மேல்திருகு இருபது நிமிடம் அசையவில்லை,
பிறகு ஒரு கெட்ட வார்த்தைக்கு அசைந்தது.

பழையது இறங்கியது, கறுத்து, வெடிமருந்து நாற்றத்தோடு.
காந்த முனையில் இரும்பு மயிர்.
தட்டைச் சாய்த்தால் காந்தத்துக்கு வசப்படாத மஞ்சள் மினுக்கு,
தேர் போன மறுநாள் தெருவில் கிடக்கும் சரிகைத் தூள்.
யாரோ முன்னால் வைத்திருந்தவர்
ஐந்தைத்தான் ஊற்றியிருக்கிறார். அல்லது
எதையுமே மாற்றவில்லை. எண்ணெய் அதைச் சொல்லாது.

துளைக்கு நேராகப் புட்டி போகாது.
வார்டில் காலாவதியென்று ஒதுக்கிய உணவூட்டும் சிரிஞ்சு,
அறுபது மில்லி, ஒரு முழக் குழாய்.
மல்லாந்து படுத்து முப்பத்து மூன்று முறை ஊட்டினேன்.
முப்பத்து நான்கில் துளையின் உதட்டில் வழிந்து
என் கழுத்துக்குள் போனது.
போதும் என்று இவ்வளவு தெளிவாய்ச் சொன்ன நோயாளி
எனக்கு வாய்த்ததில்லை.

திங்கள். ஐந்தே கால். ஐந்து டிகிரி.
ஒன்று. இரண்டு.
ஒரு முனகல் இருந்தது, பல் கடிக்கவில்லை.
தேய்ந்த பித்தளையை எந்தப் புட்டியும் திரும்ப வளர்க்காது,
தெரிந்துதான் வாங்கினேன்.

ஒற்றை வண்டி மட்டும் நுழைகிற சுரங்க வாயில்.
ஹாரன் அடித்துக் காத்தேன்.
எதிரே விளக்கில்லை. இரண்டில் போட்டேன்,
தேவையே இல்லாமல்
இடது கால் இரண்டு முறை மிதித்தது.